பள்ளத்தாக்கை நிரப்பிய பத்து வாட்

பொல்பிட்டிய நீர்மின் நிலையம் 1969இல் ஓடத் தொடங்கியது. மஸ்கெலி ஓயாவின் தண்ணீர் சுழற்றும் இயந்திரங்களிலிருந்து கிளம்பும் மின்சாரம், முற்றத்து மின்மாற்றிகளில் 132,000 வோல்ட்டுக்கு ஏற்றப்பட்டு, கோபுரம் கோபுரமாகக் கொழும்புப் பக்கம் போனது. அந்தக் கம்பிகள் தேயிலை மலைகளைத் தாண்டித்தான் போயின. ஆனால் மலையக லயங்கள் பலவற்றுக்குள் மின்சாரம் நுழைய நெடுங்காலம் பிடித்தது. குப்பி விளக்கு எரிந்த அந்தக் காலத்திலும் மாரியம்மன் திருவிழாவில் பாட்டு நிற்கவில்லை. ஒரு கார் பற்றரி, ஓர் ஆம்ப்ளிஃபயர், மரத்தில் உயரக் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர். எதிர்மலையில் கொழுந்து பறித்தவர்களும் கேட்டார்கள்.

பற்றரியில் ஓடும் அப்படியொரு செட்டிலிருந்து வெளிவருவது பத்து வாட், மிஞ்சினால் இருபது. இன்று ஒரு கல்யாண மண்டபத்துக்கே ஆயிரம் வாட் கேட்கிறார்கள். இந்தக் கணக்கு எப்படிச் சரிவந்தது என்று புரிந்துவிட்டால், உலகின் பல மூலைகளில் மனிதர்கள் துருப்பிடித்த பழைய குழாய்களை ஏன் தேடி வாங்கித் துடைத்துப் பழுது பார்க்கிறார்கள் என்பதும் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி ஆசை. அதற்கு விஞ்ஞான விளக்கம் தேவையில்லை.

காற்று மிக மெலிந்த பொருள். உள்ளங்கையை விரித்து வேகமாக வீசிப் பாருங்கள். காற்று எதிர்த்து நிற்காது, விரலோரமாக வழுவி ஓடிவிடும். சாதாரண ஸ்பீக்கரின் காகிதக் கூம்புக்கும் இதே கதிதான். அது முன்னும் பின்னும் அசையச் செலவாகும் சக்தியில் பெரும்பகுதி காயிலைச் சூடாக்கவே போகிறது. வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்கு 100 வாட் கொடுத்தால் ஒலியாக வெளியே வருவது ஏறக்குறைய ஒரு வாட். பலவற்றில் அதுவும் இல்லை. ஒரு குறுகிய குழாயின் வாயில் சிறிய தகட்டை வைத்து அசைத்தால் நிலைமை மாறுகிறது. காற்று பக்கவாட்டில் ஒதுங்க வழியில்லை; தகட்டுக்கு முன்னால் அழுத்தம் ஏறுகிறது; தகடு உண்மையாகவே வேலை செய்கிறது. அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலும் பாதை வழியே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் குழாயின் தொழில். திடீரென்று அகன்றால் ஒலி வாசலிலேயே முட்டித் திரும்பிவிடும். தகட்டை அசைக்கும் நல்ல யூனிட்டும் நல்ல குழாயும் சேர்ந்தால் கொடுத்த சக்தியில் பத்து முதல் முப்பது சதவீதம் வரை ஒலியாகும். குழாய் ஒலியைப் பெருக்குவதில்லை. வீணாகப் போக இருந்ததைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

பொல்பிட்டிய முற்றத்து மின்மாற்றி செய்யும் வேலையும் இதற்கு உறவுதான். அது குறைந்த அழுத்தத்தையும் அதிக மின்னோட்டத்தையும் வாங்கி, அதிக அழுத்தமும் குறைந்த மின்னோட்டமுமாக மாற்றிக் கொடுக்கிறது. குழாய் இதைக் காற்றில் திருப்பிச் செய்கிறது: கழுத்தில் அதிக அழுத்தம், குறைந்த அசைவு, வாயில் குறைந்த அழுத்தம், அகன்ற பரப்பு முழுவதும் அசைவு. ஆர்தர் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1919இல் வெளியிட்ட கட்டுரையில் குழாய்க்குள் ஒலி நடக்கும் விதத்துக்குச் சமன்பாடு எழுதியபோது, மின்னியலிலிருந்து மின்மறுப்பு என்ற கருத்தை எடுத்துக்கொண்டுதான் எழுதினார். 1924இல் ஹன்னா, ஸ்லெப்பியன் என்ற இருவர், ஒரே விகிதத்தில் பெருகிக்கொண்டே போகும் குழாய்தான் சிறந்தது என்று காட்டினார்கள். அதற்கு முன் வந்த கிராமபோன் குழாய்களை, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், கண்ணளவில் வளைத்தவை என்றே சொல்ல வேண்டும்.

கோயில் முகப்பில் தொங்கும் குழாயையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியை அது சரியாகக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பாதையின் குறுக்குப்பரப்பு ஒவ்வொரு 6.3 சென்டிமீட்டருக்கும் இரட்டிப்பாக வேண்டும். வாயின் சுற்றளவு அந்த ஒலியின் அலைநீளம் அளவுக்காவது இருக்க வேண்டும், அதாவது விட்டம் 36 சென்டிமீட்டர். கழுத்து 2.5 சென்டிமீட்டர் என்றால் நீளம் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஒலியை நடுவில் முன்னோக்கி அனுப்பி, பின்னால் திருப்பி, மறுபடி முன்னால் கொண்டுவந்துவிட்டால் அந்த நீளம் மூன்றாக மடிகிறது. பார்த்தவுடன் அடையாளம் தெரியும் அந்த மடிப்புக் குழாயின் உருவம் அலங்காரத்துக்காக வந்ததல்ல. இதையே 100 ஹெர்ட்ஸுக்கு இறக்க நினைத்தால் வாய் ஒரு மீட்டருக்கு மேல் அகல வேண்டும், நீளம் இரண்டு மீட்டரைத் தாண்டும். மரத்தில் கட்ட முடியாது. ஆகவே தவிலின் கனமும் மிருதங்கத்தின் தொப்பி ஓசையும் குழாயில் வராது. இது குழாய் செய்தவரின் குறையல்ல, அலைநீளத்தின் விதி.

ஆனாலும் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்கிறதே? பேசும் ஆணின் அடிப்படைச் சுருதி பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸைச் சுற்றி இருக்கும். குழாயில் அது கிட்டத்தட்ட வருவதே இல்லை. அதன் மடங்குகளாகிய 300, 400, 500 வந்துசேர்கின்றன. அவற்றின் இடைவெளியைப் பார்த்து, இல்லாத அடிச்சுருதியை மூளை தானே கற்பித்துக்கொள்கிறது. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையில் குடும்பம் நடத்தியதும் இந்தத் தயவில்தான்.

பள்ளத்தாக்குக்கு வருவோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 108 டெசிபல் தரும் குழாய் ஒன்று. கண்காட்சிக்குரிய சரக்கல்ல, சந்தையில் கிடைப்பது. பத்து வாட்டுக்கு 118. தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். ஒரு கிலோமீட்டரில் 60 குறைந்து 58 நிற்கும். எதிரில் இருப்பவரோடு பேசும் பேச்சு ஏறக்குறைய 60. அதாவது எதிர்மலை லயத்தின் வாசலில் ஒருவர் நின்று பேசுகிற அளவுக்குச் சற்றுக் கீழே. இதே அளவை, ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் தரும் சாதாரணக் கூம்பு ஸ்பீக்கரால் எட்ட நினைத்தால் 600 வாட்டுக்கு மேல் வேண்டும். இதில் குழாயின் திறமை மட்டுமல்ல, ஒருபக்கமாகக் குவிக்கும் குணமும் சேர்ந்திருக்கிறது. குழாய்க்குப் பின்னால் இருப்பவர் அவ்வளவு கேட்கமாட்டார்.

காற்றும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. 20 பாகை வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலி கிலோமீட்டருக்கு 5 டெசிபல்தான் இழக்கிறது. 4,000 ஹெர்ட்ஸ் ஒலியோ 23 டெசிபல் இழக்கிறது. ஸ, ச, த போன்ற கூர்மையான ஓசைகள் வழியிலேயே தொலைந்துபோகின்றன. தூரத்திலிருந்து கேட்பவருக்கு மெட்டு தெரிந்து சொல் தெரியாமல் போவது இதனால்தான். மலைப்பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கி, மேலே இதமான காற்று நிற்கும். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போவதால் மேலே போகும் அலை கீழே வளைந்து திரும்புகிறது. பகலில் கேட்காத கூத்துப் பாட்டு இராத்திரியில் தெளிவாகக் கேட்பதற்கு மாசி மாதக் காமன் கூத்தைப் பார்த்த எந்தத் தோட்டத்துக்காரரும் சாட்சி சொல்வார். காரணத்தைப் பனிமூட்டத்தின் மேல் போடுவார்கள். காரணம் காற்றின் வெப்ப அடுக்கு.

குழாயின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அது முழுவதும் வாட் பஞ்சத்தின் வரலாறு. கிராமபோனுக்கு மின்சாரமே கிடையாது. ஊசியின் அதிர்வை அறை முழுக்கக் கேட்கச்செய்யக் குழாய் ஒன்றே வழி. 1915இல் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் அசையும் காயிலோடு கிராமபோன் குழாயை இணைத்தார்கள். அவர்களுடைய மேக்னவாக்ஸ் கருவி வழியாக 1919இல் ஜனாதிபதி வில்சன் சான் டியகோவில் சுமார் 50,000 பேருக்கு முன் பேசினார். 1926இல் பேசும்படத்துக்காக வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 555 என்ற யூனிட் வந்தது. அப்போதைய திரையரங்கு ஆம்ப்ளிஃபயர்களின் சக்தி சில வாட்தான். அதை வைத்துக்கொண்டு ஆயிரம் பேர் இருக்கும் மண்டபத்தை நிரப்ப வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் சிந்து மாகாணத்து மோட்வானி குடும்பத்தின் சிகாகோ ரேடியோ நிறுவனம் 1930களிலிருந்து காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்தது. காந்தி, நேரு பேசும் பழைய புகைப்படங்களில் மைக்கின் மேல் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். 1940இல் தொடங்கிய டெல்லி அகுஜா நிறுவனத்தின் பெயரோ தமிழ்நாட்டு மைக் செட் கடைகளில் பொருளுக்கே பெயராகிவிட்டது. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, வாட் மலிந்தது, குழாயை இறக்கிவிட்டுப் பெட்டிகளை அடுக்கினார்கள்.

இறக்கிப் போட்டதை எடுத்தவர்களில் முந்தியவர்கள் ஜப்பானியர். அமெரிக்கத் திரையரங்குகள் கழித்துப்போட்ட வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் சரக்கை வாங்கிக் கப்பலேற்றினார்கள். நத்தைபோலச் சுருண்ட ராட்சத 15ஏ குழாய், 555 யூனிட், வால்வு ஆம்ப்ளிஃபயர் என்று வீட்டறைக்குள் சினிமாக் கொட்டகையை நிறுவியவர்கள் அங்கே உண்டு. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் கதை இதைவிட எனக்குப் பிடிக்கும். ரோடரிக் டென்மன் என்ற அதிகாரி 1930 வாக்கில் அங்கே 27 அடி நீளக் குழாய் ஒன்றைக் கட்டினார். அதன் வாய் சதுரம், பக்கம் ஏழடிக்கு மேல். அதை ஊதியதும் ஒரு 555 யூனிட்தான். 32 ஹெர்ட்ஸ் வரை இறங்கிய அந்தக் குழாய் 1949இல் கட்டட வேலை ஒன்றில் சிதைந்தது. இசைக்கலைஞர் அலெக்ஸ் கொல்கோவ்ஸ்கியின் முயற்சியில் அதை மறுபடி கட்டி 2014இல் ஒலிக்கவைத்தார்கள். அறையளவு குழாயைத் திரும்பக் கட்ட முடிந்தது, ஏனென்றால் அளவுகள் எழுத்தில் இருந்தன.

தமிழ்நாட்டில் பழைய மைக் செட்காரர்களிடையே இசைத்தட்டு, வால்வு ஆம்ப், குழாய் மூன்றையும் சேர்த்தே பராமரித்து விழாக்களில் போட்டுக்காட்டும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். சரக்கு கை மாறுவது பெரும்பாலும் காசுக்கல்ல, பண்டமாற்றுக்கு: இரண்டு குழாய்க்கு ஒரு யூனிட், ஒரு யூனிட்டுக்கு ஒரு சோடி வால்வு. வாங்குகிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். குழாயில் விலை உள்ள பகுதி கண்ணுக்குத் தெரியாது. தகட்டுக் குழாயை எவரும் வடித்துவிடலாம். உள்ளே இருக்கும் காந்தமும் காயிலும் டயஃப்ரமும்தான் பொருள். இந்தியாவில் செய்து பழையது என்று விற்கும் பித்தளைக் குழாய் கிராமபோன்களைப் பாருங்கள். பளபளப்பு இருக்கும், பூவிதழ் மடிப்பு இருக்கும், ஹன்னாவும் ஸ்லெப்பியனும் சொன்ன வளைவு மட்டும் இருக்காது. வரவேற்பறைக்குச் சரி, காதுக்கு வேண்டாம்.

இனிப் பழுது பார்க்கும் மேசை. முதலில் மீட்டர். 16 ஓம் என்று எழுதிய யூனிட், மீட்டரில் 11 முதல் 13 ஓம் வரை காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. முடிவில்லாத தடை காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. அதுவும் பெரும்பாலும் காயிலில் அல்ல, காயிலிலிருந்து வெளியே வரும் மெல்லிய வாலில், பற்றாசு வைத்த இடத்தில். எரிந்துவிட்டது என்று தூக்கி எறிய இருந்த யூனிட் ஒரு சொட்டு ஈயத்தில் பிழைப்பதுண்டு. அடுத்தது, மிக மெதுவான சத்தத்தில் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை ஒரு சீழ்க்கையை ஏற்றிக் கேட்பது. ஓரிடத்தில் கரகரத்தால் காயில் உரசுகிறது, அல்லது இடுக்கில் இரும்புத்தூள் இருக்கிறது.

திறக்குமுன் மேசையைத் துடையுங்கள், ஈரத்துணியால். அரம் போட்ட மேசையில் காந்தத்தைத் திறப்பவருக்கு அன்றைய நாள் முழுக்கத் தூள் பொறுக்குவதே வேலை. டயஃப்ரம் எந்தத் திசையில் இருந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு எடுங்கள். காயில் அசையும் இடுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். தடித்த அட்டையில் ஒட்டும் நாடாவைச் சுற்றி உள்ளே விட்டு எடுத்தால் தூள் ஒட்டிக்கொண்டு வரும். காந்தத்தைச் சுத்தியலால் தட்டக்கூடாது. அல்னிக்கோ காந்தத்தை அதன் இரும்புச் சட்டத்திலிருந்து பிரிக்கவே கூடாது. பிரித்த கணத்தில் வலு குறையும், திரும்ப வைத்தாலும் வராது. பழைய யூனிட்டின் சத்தம் போய்விட்டது என்று புலம்பும் பலருடைய யூனிட்டில் நடந்தது, யாரோ ஆர்வத்தில் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்ததுதான்.

டயஃப்ரத்துக்கு முன்னால் துளையோ வரிப்பிளவோ உள்ள ஒரு குமிழ் நிற்கும். பலர் அதைத் தூசி தடுப்பு என்று நினைக்கிறார்கள். டயஃப்ரத்தின் நடுவிலிருந்து வரும் ஒலியும் ஓரத்திலிருந்து வரும் ஒலியும் கழுத்தில் ஒரே நேரத்தில் சேர வேண்டும். அந்த வழிகளின் நீளத்தைச் சமப்படுத்துவது அந்தக் குமிழ். அது இல்லாமல் பூட்டினால் உயர்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

குழாயின் உடலில் கவலைப்பட வேண்டியது குறைவு. 1,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 34 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் ஒடுக்கு அதற்குத் தெரியாது. நிறமும் தெரியாது. பழைய உலோகத்தில் தனி இனிமை இருக்கிறது என்று சத்தியம் செய்பவர்களோடு வாதாட வேண்டாம், ஆனால் காசு கொடுக்கும்போது அதை நம்பவும் வேண்டாம். பார்க்க வேண்டியவை இரண்டு: உள் கூம்பு தளர்ந்து அதிர்கிறதா, யூனிட் முறுக்கும் கழுத்தில் ரப்பர் வளையம் காய்ந்து காற்றுக் கசிகிறதா. அழுத்தம் அதிகமுள்ள இடம் கழுத்து. அங்கே ஊசித்துளை இருந்தாலும் நட்டம்.

பிழைத்த யூனிட்டை மறுபடி கொல்வது இன்றைய பாட்டு. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குழாயின் பிடி விட்டுப்போகிறது. எதிர்க்கக் காற்றில்லாமல் டயஃப்ரம் துள்ளுகிறது. பழைய இசைத்தட்டில் அந்தப் பகுதி மெலிந்திருந்தது, இப்போதைய பாட்டில் அதுதான் நிறைந்திருக்கிறது. ஆகவே அதைத் தடுக்க 16 ஓம் யூனிட்டுக்குத் தொடராக 33 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, துருவம் இல்லாத வகை, போட்டே ஆகவேண்டும். விலை அற்பம்.

நீண்ட வயர் இழுக்கிற இடத்தில் லைன் டிரான்ஸ்ஃபார்மரையும் கழற்றாதீர்கள். 25 வாட்டை 8 ஓமுக்கு நேரடியாக அனுப்பினால் வயரில் 1.77 ஆம்பியர் ஓடும். 100 வோல்ட் லைனில் அனுப்பினால் கால் ஆம்பியர். வயரில் வீணாகும் சக்தி ஐம்பதில் ஒன்றாகக் குறைகிறது. பொல்பிட்டியவிலிருந்து கொழும்புக்கு 132,000 வோல்ட்டில் அனுப்பிய அதே நியாயம், கோயிலிலிருந்து கடைசி லயம் வரை. வால்வு ஆம்பைத் திறப்பவர்களுக்கு வேறோர் எச்சரிக்கை: உள்ளே நானூறு, ஐநூறு வோல்ட் இருக்கும், சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் தங்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

குழாய்க்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு, அது நியாயமாகச் சம்பாதித்தது. பத்து வாட் போதுமான கருவிக்கு நூறு வாட் கொடுத்து, பத்துக் குழாயை ஒரே மரத்தில் கட்டினால் பக்கத்து வீட்டில் படிக்கும் பிள்ளை என்ன செய்யும்? இந்தியாவில் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தின. இலங்கையில் 2007 நவம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் அதே நேரத்துக்குத் தடை போட்டது. தொழிலிடங்களுக்கு அமெரிக்கச் சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபலில் எட்டு மணி நேரம்; ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம். குழாயின் வாயருகே தலையை வைத்துச் சோதிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம்.

நம் பக்கத்தில் பழைய குழாய்கள் இருப்பது சேகரிப்பாளரின் அலமாரியில் அல்ல, கோயில் களஞ்சியத்திலும், தொழிற்சங்க அலுவலகத்தின் பரணிலும், செட் வாடகைக்கு விட்ட குடும்பங்களின் பின்கட்டிலும்தான். அலுமினியம் என்று கிலோக் கணக்கில் பழைய இரும்புக்காரருக்குப் போகும்போது யூனிட்டும் சேர்ந்தே போகிறது. கோயில் தர்மகர்த்தாக்களும் தோட்டத்து இளைஞர் சங்கங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். குழாயைத் துடைத்து, யூனிட்டையும் டிரான்ஸ்ஃபார்மரையும் பிரிக்காமல், எந்தத் தோட்டம், எந்த ஆண்டுத் திருவிழாவுக்கு வாங்கியது, யார் இயக்கினார் என்று ஒரு தாளில் எழுதி அதன் மேலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த திருவிழாவில் பகல் நேரத்தில், பத்து வாட்டுக்கு மேல் ஏற்றாமல், ஒரு மணி நேரம் போட்டுக் காட்டுங்கள். எதிர்மலைக்கு ஓர் ஆளை அனுப்பிக் கேட்கிறதா என்று விசாரியுங்கள்.